கேள்வி - பதில்: சென்சார் இருக்கும்போது நாம் எதற்கு?

கேள்வி: குப்பைத்தொட்டியிலும் குடிநீர்க் குழாயிலும் சென்சார் வைத்தால் போதாதா, மக்கள் பங்கேற்பு என்று நம்மை எதற்கு இழுக்கிறார்கள்?

பதில்: சென்சாருக்குத் தெரிவது கொஞ்சம்தான். தொட்டி மூடியில் இருக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தூரம் அளப்பது) குப்பை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று சொல்லும், லாரி காலித் தொட்டிகளைத் தேடி டீசல் எரிக்காமல் இருக்க அது உதவும், ஆனால் உள்ளே கிடப்பது காய்கறித் தோலா பழைய பேட்டரியா என்று அதற்குத் தெரியாது. பிரிப்பது வீட்டிலேயே நடக்க வேண்டும். தென்கொரியாவில் 2013 முதல் உணவுக் கழிவுக்கு அளவைப் பொறுத்துக் கட்டணம், பல அடுக்குமாடிகளில் அட்டையைக் காட்டினால்தான் தொட்டி திறக்கும், போட்டதை எடையும் பார்க்கும். காசு என்றதும் கை தானாகக் கவனமாகிவிடுகிறது!

கேள்வி: பூமிக்கடியில் தண்ணீர் கசிவதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பதில்: ஒரு பகுதிக்குள் போகும் தண்ணீரை நள்ளிரவு 2 முதல் 4 மணி வரை அளப்பார்கள். எல்லோரும் தூங்கும்போதும் ஓட்டம் குறையவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது. சரி, எந்த இடம்? அதற்குக் குழாயின் சத்தத்தைக் கேட்கும் கருவிகள் உண்டு, அதைவிடச் சீக்கிரம் கண்ணில் படுவது மழையில்லாமல் ஈரமாகும் சாலைதான். அதைப் பார்த்தால் படமும் இருப்பிடமும் மாநகராட்சிக்கோ குடிநீர் வாரியத்துக்கோ அனுப்புங்கள், அப்புறம் புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள், அது இல்லாவிட்டால் வேலை முடிந்ததா என்று யாரிடம் கேட்பது?