மூன்றாவது பிரசவம்: எப்போது கிளம்புவது, மூத்த பிள்ளைகளை எப்படித் தயார்படுத்துவது?

கேள்வி: எனக்கு இப்போது 33 வாரம். இது மூன்றாவது குழந்தை. மூத்தவளுக்கு ஆறு வயது, அடுத்தவனுக்கு இரண்டரை. இரண்டுமே சுகப்பிரசவம். முதல் பிரசவத்துக்கு ஒரு முழுப் பகலும் ஆனது. இரண்டாவது சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "மூன்றாவதுதானே, தானாக நடந்துவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வலி வந்தால் எப்போது கிளம்ப வேண்டும்? சின்னவன் என்னை விட்டு ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை. குழந்தை பிறந்த பிறகு மூன்று பேரையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்களுக்குத் தோன்றுவதுதான் சரி. பலமுறை பெற்ற தாய்க்குப் பிரசவ நேரம் பெரும்பாலும் குறையும். ஆனால் உடல் தேறுவதற்கு ஆகும் காலம் அப்படிக் குறைவதில்லை. முதல் பிரசவத்தில் உங்களைத் தாங்க வீடே திரண்டிருக்கும். மூன்றாவதில் "இவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த முறை திட்டம் போட வேண்டியது தொட்டிலுக்கும் துணிமணிக்கும் இல்லை. மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது, உங்களை யார் பார்ப்பது என்ற இரண்டுக்கும்தான்.

முதலில் வலியைப் பற்றிப் பேசுவோம். முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் மெலிந்து, அதன் பிறகுதான் திறக்கத் தொடங்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் மெலிவதும் திறப்பதும் ஒன்றாகவே நடக்கும். கீழே இருக்கும் தசைகளும் ஒருமுறை விரிந்து பழகியவை. அதனால்தான் இந்த வேகம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து முழுதாகத் திறக்கும்வரை முதல் பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்கு மேல் போகாது, அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரத்துக்கு மேல் போகாது. முழுதாகத் திறந்த பிறகு குழந்தை வெளியே வர முதல்முறை 3 மணி நேரம் வரையும், அடுத்தமுறைகளில் 2 மணி நேரம் வரையும் ஆகலாம். இவை மேல் எல்லைகள். நடைமுறையில் இதைவிட வெகு சீக்கிரமாக முடிகிற பிரசவங்கள் நிறைய. மொத்தமே 3 மணி நேரத்துக்குள் முடிவதும் உண்டு. உங்கள் இரண்டாவது பிரசவம் சில மணி நேரத்தில் முடிந்ததால், இதுவும் அப்படியே இருக்கும் என்று எண்ணித்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வலி முறையாகத் தொடங்குவதற்கு முந்தைய கட்டம் அதே மாதிரி குறையும் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் இடுப்புவலி எடுக்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும், விடியும்போது நின்றுபோகும். இப்படிச் சில நாள்கள் போக்குக் காட்டலாம். பொய்வலியும் முந்தைய முறைகளைவிடச் சீக்கிரமாகவும் அழுத்தமாகவும் தெரியும். நடந்தாலும் படுத்தாலும் தண்ணீர் குடித்தாலும் குறையாமல், இடைவெளி சுருங்கி, ஒவ்வொரு வலியும் நீண்டுகொண்டே வந்தால் அது நிஜம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் வந்தால் கிளம்பலாம் என்ற கணக்கை முதல் பிரசவத்தில் கேட்டிருப்பீர்கள். அதை இப்போது மறந்துவிடுங்கள். பத்து நிமிட இடைவெளியில் ஒழுங்காக வரத் தொடங்கியதுமே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறவரையும் கூப்பிடுங்கள். பயண நேரம் அரை மணிக்கு மேல் என்றால் அப்போதே கிளம்புவது நல்லது. போய்விட்டு, "இன்னும் நேரமிருக்கிறது" என்று திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். அதற்காகக் கூச்சப்படாதீர்கள். வலி வராமலே பனிக்குடம் உடைந்தாலும் கிளம்ப வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், ரத்தம் போனால், குழந்தையின் அசைவு குறைந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. கடைசி வாரங்களில் இடம் இல்லாததால் அசைவு குறையும் என்று சொல்வார்கள். அது உண்மையில்லை. அசைவின் தன்மை மாறலாம், அளவு குறையக் கூடாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் கர்ப்பத்தில் குழந்தையின் தலை கடைசி வாரங்களில் இடுப்பெலும்புக்குள் இறங்கிவிடும். அடுத்த கர்ப்பங்களில் வலி தொடங்கும்வரைகூட இறங்காமல் இருக்கலாம். அது இயல்புதான். ஆனால் வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் குழந்தை குறுக்காகவோ சாய்வாகவோ கிடக்கும் வாய்ப்பும் கூடுதல். அதனால் 36-வது வாரப் பரிசோதனையில் தலை எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். தலை மேலேயே இருக்கும்போது பனிக்குடம் உடைந்தால், அபூர்வமாகத் தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடும். கொடி கையில் தட்டுப்பட்டால் முழங்காலிட்டு, மார்பைத் தரையோடு சாய்த்து, இடுப்பை உயர்த்தி வைத்தபடி உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

சரி, கிளம்புவதற்குள்ளேயே முக்கும் உணர்வு வந்துவிட்டால்? காலைச் சேர்த்து இறுக்கி அடக்கப் பார்க்காதீர்கள். அது குழந்தைக்கு ஆபத்து. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டபடி ஒருக்களித்துப் படுங்கள். குழந்தை வந்ததும் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, வெறும் உடம்போடு உங்கள் மார்பில் போட்டு, தலையையும் சேர்த்து வேறு உலர்ந்த துணியால் மூட வேண்டும். கொடியை வெட்ட வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். நஞ்சுக்கொடி தானாக வெளியே வந்தால் குழந்தையோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை மார்பில் சப்பவிட்டால் கர்ப்பப்பை சுருங்கும், ரத்தப்போக்கும் மட்டுப்படும். இதெல்லாம் உங்களைவிட உங்கள் கணவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பத்தியை இன்றைக்கே அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, சின்னவன். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமாகத் தெரிந்தது அந்த ஒரு வரிதான்: "ஒரு ராத்திரிகூட இருந்ததில்லை." வலி எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது. நடுராத்திரியில் அம்மா வலியில் இருக்க, பழகாத ஆள் அவனைத் தூக்கிக்கொண்டால் அவன் மிரண்டுவிடுவான். இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அவனைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர் யார் என்று முடிவு செய்து, அவரே அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைக்கட்டும். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். பிறகு ஒரு ராத்திரி நீங்கள் இல்லாமல் ஒத்திகை பாருங்கள். அந்த ஆள் வர முடியாவிட்டால் இன்னொருவர் யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாததால் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே காத்திருந்து, தாமதமாக வந்து சேரும் அம்மாக்கள் உண்டு.

இரண்டரை வயதுக்கு மாதக் கணக்கு புரியாது. ஆறு வயதுக்குப் புரியும். மூத்தவளிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லலாம்: எங்கே போவீர்கள், எத்தனை நாள் ஆகலாம், யார் அவளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று. ஆனால் அவளைக் குட்டி அம்மாவாக ஆக்கிவிடாதீர்கள். துண்டு எடுத்துக் கொடுப்பது, பாட்டுப் பாடுவது போன்ற உதவிகள் போதும். தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பில்லை.

சின்னவனை வேறு படுக்கைக்கு மாற்றுவது, தாய்ப்பாலை நிறுத்துவது, டயப்பரை விடுவிப்பது போன்ற எதையும் பிரசவத்தை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வாரமே தொடங்கி முடித்துவிட முடியுமென்றால் செய்யுங்கள், இல்லையென்றால் குழந்தை பிறந்து சில மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் முதன்முதலாகப் பார்க்க வரும்போது உங்கள் கைகள் காலியாக இருக்கட்டும். பாப்பா தொட்டிலிலோ அப்பாவிடமோ இருக்கட்டும். முதலில் அவர்களை அணைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் சேர்ந்து பாப்பாவைப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு சின்னவன் மறுபடி படுக்கையை நனைக்கலாம், விரல் சப்பலாம், "எனக்கும் ஊட்டு" என்று அடம்பிடிக்கலாம். திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். ஊட்டச் சொன்னால் ஊட்டிவிடுங்கள். அவன் கேட்பது சோற்றை இல்லை, உங்களை. இது வாரங்களில் தணிந்துவிடும். "பாப்பா இருக்கிறதால முடியாது" என்று எல்லாவற்றுக்கும் பாப்பாவைக் காரணம் சொல்லாமல், "கை வேலையாக இருக்கிறது, வருகிறேன்" என்று சொல்லுங்கள். சில நேரம் அவன் காதுபட, "பாப்பா, கொஞ்சம் பொறு, இப்போ அண்ணன் முறை" என்றும் சொல்லுங்கள். பச்சைக் குழந்தைக்கு அது புரியாது, அவனுக்குப் புரியும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் அவனோடு மட்டும், மூத்தவளோடு மட்டும் இருக்கப் பாருங்கள். மூத்தவள் கேட்க மாட்டாள், அதனாலேயே விட்டுப்போகும். பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வெளியே வரும் ஒரு விளையாட்டுப் பெட்டி வைத்திருப்பதும் உதவும்.

எவ்வளவு பாசமாக இருந்தாலும் அவனையும் பாப்பாவையும் தனியாக ஒரு நிமிடம்கூட விட வேண்டாம். ஒரே படுக்கையில் தூங்கவைக்கவும் வேண்டாம். பாப்பாவை மல்லாக்க, தலையணையோ பொம்மையோ இல்லாத தனி இடத்தில் படுக்கவையுங்கள். பள்ளியிலிருந்து சளி இருமல் வீட்டுக்கு வரும், எனவே கை கழுவாமல் தொடக் கூடாது, முகத்தில் முத்தம் வேண்டாம், காலில் கொடுக்கலாம். இருவருக்கும் தடுப்பூசி ஏதாவது விடுபட்டிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். கக்குவான் இருமல் தடுப்பூசியைக் கர்ப்பத்திலேயே நீங்கள் போட்டுக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். அதை ஒவ்வொரு கர்ப்பத்திலும் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் வீட்டு மருந்து எதுவும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

இனி உங்கள் உடம்பு. பிரசவத்துக்குப் பின் வரும் வயிற்றுவலி ஒவ்வொரு முறையும் கூடும். பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின்தான் கர்ப்பப்பையைச் சுருக்குகிறது, அந்தச் சுருக்கம்தான் வலிக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள்கள்தான் கடுமை. பால் கொடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய வலி மாத்திரைகள் உண்டு, கேட்டு வாங்குங்கள். அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது, ரத்தப்போக்கும் கூடும்.

ரத்தசோகையை இப்போதே கவனிக்க வேண்டும். அடுத்தடுத்த கர்ப்பமும் பாலூட்டலும் இரும்புச்சத்துச் சேமிப்பைக் கரைத்துவிடும். இந்தக் கட்டத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அதோடு பிரசவத்துக்குப் போனால், சாதாரண ரத்த இழப்பைத் தாங்குவதுகூடக் கடினமாகலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாமல், மாற்று மருந்து கேளுங்கள். உங்களுக்கு ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் என்றால் அடுத்த கர்ப்பத்துக்குப் பாதுகாப்பாகப் போடும் ஆன்டி-டி ஊசி எப்போது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூத்தவர்களில் யாருக்காவது மஞ்சள் காமாலைக்கு விளக்கொளிச் சிகிச்சை கொடுத்திருந்தால், அதையும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தக் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்.

சின்னவன் தூக்கச் சொல்வான். குனிந்து தூக்காமல், நீங்கள் உட்கார்ந்துகொண்டு அவனை மடியில் ஏறவிடுங்கள். இருமினால் சிறுநீர் கசிவது மூன்றாவது முறை அதிகமாகத் தெரியலாம். சிறுநீரை அடக்கும்போது இறுகும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியை இப்போதே தொடங்கி, பிரசவத்துக்குப் பின்னும் தொடருங்கள். உதவிக்கு வருகிறவர்கள் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். ஆனால் சமையலும் துணியும் மூத்த பிள்ளைகளும்தான் அவர்களுக்கான வேலை. பாப்பாவோடு படுத்திருக்க வேண்டியவர் நீங்கள். இதை உங்கள் கணவரே வாய்விட்டுச் சொல்லிவிடட்டும், நீங்கள் சொன்னால் தப்பாகத் தெரியும்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைந்தால், காய்ச்சல் வந்தால், தாங்க முடியாத தலைவலியோடு பார்வை மங்கினால், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால், மூச்சுத் திணறினால், எந்த வேலையும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அம்மா தன் காய்ச்சலை நாளைக்குத் தள்ளிப்போடுவாள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். காரணமில்லாத அழுகை முதல் இரண்டு வாரங்களில் சகஜம். அதற்கு மேலும் நீடித்தால், எதிலும் பிடிப்பில்லை என்று தோன்றினால், அது மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் வருகிறது, அதில் மனச்சோர்வே முதன்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் இரண்டு முறை வரவில்லை என்பதால் இப்போது வராது என்றில்லை. சிகிச்சை உண்டு, குணமாகும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பால் கொடுப்பதே கருத்தடை என்று இருந்துவிட வேண்டாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கரு தங்கலாம். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அடுத்துக் கருத்தரிக்கக் குறைந்தது 24 மாதம் விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பர்-டி போடுவதாக இருந்தால் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போடலாம், அதை விட்டால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்து, 36-வது வாரப் பரிசோதனைக்குப் போகும்போதே மருத்துவரிடம் சொல்லி, உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.