நீராவி ரயிலில் எந்தப் பெட்டி?

கேள்வி: புதுப்பித்த பழைய நீராவி இன்ஜின் இழுக்கும் சுற்றுலா ரயிலில் போகப் போகிறோம். எந்தப் பெட்டியில் இடம் பிடிப்பது நல்லது?

பதில்: சத்தம் வேண்டுமா, படம் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சத்தத்துக்கு இன்ஜினை ஒட்டிய பெட்டி. வளைவில் இன்ஜின் முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் கடைசிப் பெட்டிகள்; அதிலும் வளைவின் உட்பக்க ஜன்னல். ஏற்றம் எந்தத் திசையில் வருகிறது என்பதைப் பலரும் விசாரிப்பதே இல்லை. இறக்கத்தில் டிரைவர் நீராவியை அடைத்துவிடுவார். ரயில் தன் எடையிலேயே உருளும். 'குப் குப்' கேட்காது. ஒருவழி டிக்கெட்தான் என்றால் ஏற்றத்துக்கு வாங்குங்கள். இன்ஜினைத் திருப்பும் வட்டமேடை இல்லாத பாதைகளில் அது ஒரு வழி பின்புறமாகவே ஓடும். முகம் தெரியும் படம் எந்தத் திசையில் கிடைக்கும் என்பதையும் கேட்டுவையுங்கள்.

கேள்வி: கண்ணில் கரி விழுமா?

பதில்: நிலக்கரி இன்ஜின் என்றால் விழ வாய்ப்பு உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணாடி போடுங்கள், குகைக்கு முன் ஜன்னலை மூடுங்கள். விழுந்துவிட்டால் கசக்கவே கூடாது. துணுக்கு கூராக இருக்கும், கருவிழியைக் கீறிவிடும். சுத்தமான தண்ணீரில் அலசுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். வெள்ளைச் சட்டை உங்கள் இஷ்டம்! எல்லா இன்ஜினும் கரி தின்பதில்லை. 1941-இல் கட்டிய அமெரிக்காவின் 'பிக் பாய்' 4014, 2019-இல் மறுபடி ஓடத் தொடங்கியபோது எண்ணெய்க்கு மாற்றப்பட்டிருந்தது.

கேள்வி: காலை ரயிலுக்கு முதல் நாளே நெருப்பு மூட்டுகிறார்களாமே, ஏன்?

பதில்: பெரிய பாய்லரில் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கும். அவசரமாக எரித்தால் நெருப்புப் பெட்டி சூடேறி விரியும். பாய்லரின் அடிப்பகுதி மட்டும் குளிர்ந்தே கிடக்கும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாதபோது, குழாய்கள் தகட்டில் பொருந்தும் இடம் கசியும். நெருப்புப் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளும் நாளடைவில் ஒடியும். அதனால்தான் சிறு தீயில் மணிக்கணக்காக ஏற்றுகிறார்கள்.

கேள்வி: கிளம்பும்போது முன்பக்கம் இருபுறமும் நீராவி பீறிடுகிறதே, கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. நின்றிருந்த இன்ஜினின் சிலிண்டருக்குள் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதில் மோதினால் சிலிண்டர் மூடியே உடையலாம். ஆகவே வடிகுழாயைத் திறந்துவைத்துக் கிளம்பி, சக்கரம் சில சுற்று சுற்றியபின் மூடுவார்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் எத்தனை 'குப்'?

பதில்: இரண்டு சிலிண்டர் இன்ஜினில் நான்கு. 1923-இல் கட்டிய 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' மூன்று சிலிண்டர் இன்ஜின், அதில் ஆறு. தாளம் நொண்டினால் வால்வு பிசகியிருக்கலாம்.