பாதுகாப்பை முன்வைத்த போலந்தின் ஆறு மாதத் தலைமை: கேள்வி பதில்

2025 ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழல்முறைத் தலைமைப் பொறுப்பு போலந்திடம் இருந்தது. அந்நாடு அறிவித்த முன்னுரிமைகள் குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதிலளித்துள்ளேன்.

கேள்வி: அந்தோனியோ கோஸ்டாதானே ஒன்றியத்தின் தலைவர்? அப்படியிருக்கப் போலந்து எதற்குத் தலைமை வகித்தது?

பெயர்களே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். அரசுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சிலுக்குத்தான் கோஸ்டா தலைவர். வேளாண்மை, நிதி, எரிசக்தி என்று துறைவாரியாக அமைச்சர்கள் கூடும் அமைச்சர்கள் கவுன்சிலுக்கு உறுப்பு நாடுகள் ஆறு மாதத்துக்கு ஒன்றாக முறைவைத்துத் தலைமை தாங்குகின்றன. நாடுகள் 27 என்பதால் ஒரு சுற்று முடியப் பதின்மூன்றரை ஆண்டுகள் ஆகும்; போலந்து இதற்கு முன் 2011இன் பிற்பாதியில்தான் அந்த நாற்காலியில் அமர்ந்தது. கூட்டத்தில் எதை முதலில் எடுப்பது, எந்த வரைவை மேலும் பேச்சுக்கு அனுப்புவது, எப்போது வாக்கெடுப்புக்கு விடுவது என்பவை தலைமை நாட்டின் கையில் இருக்கும். முடிவு மட்டும் அதன் கையில் இல்லை.

கேள்வி: “பாதுகாப்பு, ஐரோப்பா!” என்று முழக்கமிட்டு, அதன்கீழ் ஏழு வகைப் பாதுகாப்பைப் பட்டியலிட்டார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டியதாகத் தோன்றவில்லையா?

ஓரளவு அப்படித்தான். வெளிப் பாதுகாப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு, தகவல், பொருளாதாரம், எரிசக்தி, உணவு, சுகாதாரம் என்று ஏழையும் அடுக்கிவிட்டால் அமைச்சர்கள் கவுன்சிலில் வெளியே நிற்கும் துறை அநேகமாக எதுவும் இல்லை. உணவுப் பாதுகாப்பு என்ற தலைப்புக்குள் போலந்து விவசாயிகளின் கவலையும் சேர்ந்தே வந்தது என்பது என் கருத்து.

ஆனால் எரிசக்தியை வெற்றுத் தலைப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. உக்ரைன் வழியாக வந்துகொண்டிருந்த ரஷ்யக் குழாய் எரிவாயு, தலைமைப் பொறுப்பு தொடங்கிய அதே ஜனவரி 1 அன்று நின்றது. பிப்ரவரி 8 அன்று எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய மூன்றும் சோவியத் காலத்திலிருந்து தம்மைப் பிணைத்திருந்த ரஷ்ய, பெலாரஸ் மின்கட்டமைப்பிலிருந்து விலகி, ஏறத்தாழ ஒரு நாள் தனித்தே இயங்கி, மறுநாள் ஐரோப்பியக் கட்டமைப்புடன் இணைந்தன. அந்த இணைப்பு, லித்துவேனியாவின் அலீதுஸ் நகரையும் போலந்தின் எவ்க் நகரையும் இணைக்கும் மின்தடம் வழியாகவே நடந்தது. பல ஆண்டுத் திட்டமிடலின் பலன் என்பதால் இதைத் தலைமையின் சாதனையாகக் கணக்கு வைப்பது முறையாகாது. ஆனாலும் போலந்து சொல்லவந்ததை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லியிருக்காது.

கேள்வி: பாதுகாப்புத் துறையில் உருப்படியாக என்ன கிடைத்தது?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்களின் கூட்டத்துக்குச் சுழல்முறை நாடு தலைமை தாங்குவதில்லை. 2009 டிசம்பரில் லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் அந்த இடம் ஒன்றியத்தின் வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கையைக் கவனிக்கும் உயர் பிரதிநிதிக்கு உரியது, இப்போது அது காயா கல்லாஸிடம் உள்ளது. தன் முழக்கத்தின் முதல் சொல்லுக்கு உரிய மேசையே போலந்துக்குக் கிடைக்கவில்லை என்பதால், அது பணத்தின் வழியாகப் போனது. ஆயுதக் கொள்முதலுக்காக 150 பில்லியன் யூரோ வரை கடன் தரும் ‘சேஃப்’ திட்டத்தை மே 27 அன்று, ஐரோப்பிய விவகார அமைச்சர்கள் கூடும் பொது விவகார கவுன்சில் ஏற்றது. அந்தக் கவுன்சிலின் தலைமை போலந்திடமே இருந்தது. இத்திட்டத்துக்கு ஒருமித்த இசைவு தேவையில்லை, 55 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் சேர்ந்த பெரும்பான்மையே போதும். நெருக்கடிகளில் கவுன்சிலே முடிவெடுக்க இடம்தரும், ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 122ஆம் பிரிவின்கீழ் வந்ததால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. தன்னை ஒதுக்கிவிட்டதாகச் சினந்த நாடாளுமன்றம் பின்னர் வழக்கே தொடுத்தது. வேகம் கிடைத்தது உண்மை, ஆனால் மக்கள் பிரதிநிதிகளைச் சுற்றிக்கொண்டு போன வேகம் அது.

கேள்வி: தலைமை நாடு நடுநிலையாக இருக்க வேண்டாமா? அந்தக் கடனில் போலந்துக்கும் பங்கு உண்டே?

பங்கு உண்டு, அதிலும் மிகப் பெரிய பங்கு: பின்னர் அறிவித்த ஒதுக்கீட்டில் சுமார் 43.7 பில்லியன் யூரோ அதற்கே. நடுநிலையைக் காக்க ஒரு வழக்கம் உள்ளது. தலைமை நாற்காலியில் ஒரு போலந்துக்காரர் அமர்ந்திருக்க, போலந்தின் நிலைப்பாட்டைச் சொல்வதற்கு இன்னொருவர் தனி இருக்கையில் அமர்வார். இது பார்வைக்குச் சற்று நாடகமாகத் தெரிந்தாலும், பேச்சுவார்த்தையில் எது சமரசம், எது சொந்த நலன் என்று மற்றவர்கள் பிரித்தறிய உதவுகிறது.

கேள்வி: உக்ரைனின் உறுப்புரிமைப் பேச்சில் முதல் தொகுதியையாவது திறப்போம் என்றார்களே?

பேச்சுக்குரிய தலைப்புகளைத் தொகுதி தொகுதியாகத் திறப்பதே முறை; முதல் தொகுதியைக்கூடத் திறக்கவில்லை. விரிவாக்கத்தின் ஒவ்வொரு படிக்கும் 27 நாடுகளும் இசைய வேண்டும், ஹங்கேரி இசையவில்லை. ஐரோப்பிய கவுன்சிலின் தலைவராக 2014 முதல் 2019 வரை இருந்து, அதன் உள்வழிகள் அனைத்தும் அறிந்த பிரதமர் டொனால்ட் டஸ்க்கின் அனுபவமும் இதில் பயன்படவில்லை. வார்சாவில் நடந்த தொடக்க விழாவுக்கு ஹங்கேரியின் தூதரை அழைக்காமல் விட்ட அளவுக்கு இரு அரசுகளின் உறவு கசந்திருந்தது.

கேள்வி: நிறைவேறாமல் எஞ்சியவை என்னவாயின?

போலந்து, டென்மார்க், சைப்ரஸ் மூன்றும் 18 மாதங்களுக்குப் பொதுவான வேலைத்திட்டம் வகுத்திருந்ததால், கோப்புகள் அப்படியே அடுத்துத் தலைமை ஏற்ற டென்மார்க்குக்குச் சென்றன. ரஷ்யா மீதான 16, 17ஆம் தடைத் தொகுப்புகள் போலந்தின் காலத்தில் நிறைவேறின. ஸ்லோவாக்கியா தடுத்து வைத்திருந்த 18ஆவது தொகுப்பு, ஜூலை 18 அன்று டென்மார்க்கின் தலைமையில்தான் ஒப்புதல் பெற்றது.