மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் சேரப் போகிறேன். அந்தப் பயிற்சியில் நீங்கள் உண்மையில் கற்றுக்கொண்டது என்ன?

மும்பையில் ஓராண்டு டிப்ளமா படித்தேன். காலையில் தாராவியில் ஒரு பால்வாடியில் செய்முறைப் பயிற்சி, மதியத்துக்கு மேல் மாட்டுங்காவில் வகுப்பு. நான் பிறந்து வளர்ந்ததும் தாராவிதான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தச் சந்துகளில் வளரும் குழந்தைகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்போடுதான் போனேன். அது இரண்டாவது வாரமே உடைந்தது.

எங்களுக்கு ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார்கள். தினமும் ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் கவனித்து, கண்டதை எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்டது இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அக்காவின் நான்கு வயது மகனை. முதல் நாள் இப்படி எழுதினேன்: "பிடிவாதக்காரன். கூப்பிட்டால் வருவதில்லை. பாட்டில் சேருவதில்லை." எழுதியதோடு நிற்கவில்லை. பையனை அழைத்துப்போக வந்த அம்மாவிடம், "சொன்ன பேச்சே கேட்பதில்லை அக்கா" என்று சொல்லிவிட்டேன். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, தெருத்தெருவாக விற்று முடித்து, காலிப் பாத்திரத்தோடு நேராக வந்து நிற்பவர் அவர். பாத்திரத்தைக் கீழே வைத்தார். என் கண்ணெதிரிலேயே அவன் முதுகில் இரண்டு அடி வைத்தார். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். எதற்கு அடி விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் நோட்டுத் திரும்பி வந்தபோது, "பிடிவாதக்காரன்" என்ற சொல்லைப் பயிற்றுநர் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இது நீ பார்த்ததா, நினைத்ததா?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அன்றைக்கு எழுதிய பக்கம் இது:

"9.40. வாசலில் செருப்புகளை ஜோடி சேர்க்கிறான். 14 ஜோடி. ஒற்றையாகக் கிடந்த நீலச் செருப்புக்கு ஜோடி தேடி, பெஞ்சுக்கு அடியில் படுத்துக் கையை நீட்டி எடுத்தான். பின்னாலிருந்து 3 முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எதிரே போய் நின்று கூப்பிட்டேன். உடனே சிரித்தான்."

இதைப் படித்ததும் பயிற்றுநர் கேட்ட ஒரே கேள்வி, "காதைப் பார்த்தார்களா?" என்பதுதான். சயான் மருத்துவமனையில் காட்டினோம். அடிக்கடி சளி பிடித்ததில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. இந்த வயதில் இது மிகச் சாதாரணம். பெரும்பாலும் வலி இருக்காது, காதிலிருந்து எதுவும் வடியாது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். வற்றாவிட்டால் சிகிச்சை இருக்கிறது. ஆனால் அதுவரை குழந்தைக்கு நம் பேச்சு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கேட்பதுபோல மங்கித்தான் விழும். தகரக் கூரைக்குக் கீழே முப்பது பிள்ளைகள் ஒன்றாகப் பாடும்போது அவனால் எப்படிச் சேர முடியும்?

"வீணாக அடித்துவிட்டேனே டீச்சர்" என்று அந்த அக்கா அழுதார். அந்த அடிக்குக் காரணம் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு குழந்தையைப் பற்றி நாம் வாய்விடும் ஒரு சொல் வீடுவரை போகிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவன் செருப்பு அடுக்கியதைக்கூட நான் அதுவரை கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று பொருத்தி ஜோடி சேர்ப்பது, எண் சொல்லக் கற்பதற்கு முன்னால் வரும் கணக்கு. அதை அவன் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தான்.

எழுதும் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து பெற்றோர் உங்களிடம் கேட்கப்போவது இதைத்தான்: "எப்போது எழுத ஆரம்பிப்பான்?" வகுப்பில் கை எலும்பின் எக்ஸ்ரே படங்களை வரிசையாகக் காட்டினார்கள். மணிக்கட்டில் இருக்கும் 8 சிற்றெலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகின்றன, நான்கு வயதில் ஏறக்குறையப் பாதிதான் ஆகியிருக்கும். விரல்களின் சிறு தசைகளும் அப்படித்தான், மெதுவாகத்தான் பழகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு வரி நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பதை நான் இன்றும் எதிர்க்கிறேன். நாங்கள் கும்பார்வாடாவிலிருந்து குயவர் மண்ணை வாளியில் வாங்கிவந்து பிசையவிட்டோம். இட்லிக்கார அக்காவிடம், சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும்போது மகனையும் பக்கத்தில் உட்காரவைக்கச் சொன்னேன். விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

விலை உயர்ந்த மரக் கருவிகள் இல்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கும் முதலில் கவலை இருந்தது. அதைப் போக்கியது மழலையர் கல்வி முன்னோடிகளான தாராபாய் மோடக், அனுதாய் வாக் இருவரின் வரலாறு. அந்த மரக் கருவிகளைக் கொண்டு கற்பிக்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது நம்மில் பலருக்குத் தெரியும். தாராபாயும் அனுதாயும் 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்திலும், பிறகு கோஸ்பாட் மலையில் வார்லிப் பழங்குடிக் குழந்தைகளிடையிலும், கிளிஞ்சலையும் விதையையும் கூழாங்கல்லையும் வைத்தே கற்பித்தார்கள். ஆடுமாடு மேய்க்கும் பிள்ளைகளால் பள்ளிக்கு வர முடியாதபோது, மேய்ச்சல் வெளிக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். அதைப் படித்த பிறகு சோடா மூடிகளைச் சேகரிக்க ஆரம்பித்தேன்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வகுப்பு இந்தியிலும் மராத்தியிலும் நடந்தாலும், புதிதாக வந்து அழும் தமிழ்க் குழந்தையிடம் தமிழிலேயே பேசுங்கள். முடிந்தவரை வீட்டுமொழியிலேயே தொடங்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது.

நீங்கள் சேரப்போகும் இடத்தில் கட்டணத்தையும் சான்றிதழையும் விசாரிப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை நாள் குழந்தைகளோடு இருக்க விடுவார்கள்? நீங்கள் எழுதும் கவனிப்பு நோட்டை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.