பாக்டீரியாவின் எண்டோடாக்சினை உடல் எப்படி அடையாளம் காண்கிறது?

ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும், கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள்தான் எண்டோடாக்சின். பாக்டீரியா செத்து உடையும்போது இது நிறையவே வெளியே வரும்.

பிறவியிலேயே அமைந்த நோய் எதிர்ப்பாற்றல் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாகத் தெரிந்து வைத்திருப்பதில்லை; பல கிருமிகளுக்குப் பொதுவான அடையாளங்களைத்தான் பார்க்கிறது. ஆளைத் தெரியாவிட்டாலும் சீருடையைப் பார்த்து எந்தப் படை என்று சொல்லிவிடுகிறோமே, அது மாதிரி. அதிலும் எண்டோடாக்சின் சுலபமாகக் கழற்ற முடியாத சீருடை. இந்தக் கொழுப்பு இல்லாமல் அந்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பிழைக்காது.

சரி, பிடிப்பது யார்? இரத்தத்தில் உள்ள ஒரு புரதம் எண்டோடாக்சினை எடுத்து நோய் எதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் உள்ள சிடி14 என்ற புரதத்திடம் கொடுக்கிறது. அது எம்டி-2 என்ற புரதத்திடம் கைமாற்றுகிறது. எம்டி-2-இன் பள்ளத்துக்குள் கொழுப்பு வால்கள் கச்சிதமாகப் போய் உட்காரும். உடனே, அதோடு ஒட்டியிருக்கும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பிகள் (வெளியிலிருந்து வரும் தகவலைப் பெறும் செல் புரதங்கள்) இரண்டிரண்டாகச் சேர்ந்து செல்லுக்குள் சமிக்ஞை அனுப்பும். அப்புறம்தான் காய்ச்சல், அழற்சி எல்லாம். இந்த ஏற்பியின் பங்கை 1998-இல் எலிகளில் கண்டறிந்த புரூஸ் பியூட்லர் 2011 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எண்டோடாக்சின் நேரடியாகச் செல்களை அழிக்கும் விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான சேதம் நம் உடலே அளவுமீறிக் காட்டும் எதிர்வினையால் வருவது; அதனால்தான் டிஎல்ஆர்4 பழுதான எலிகள் அதே எண்டோடாக்சினைத் தாங்கிக்கொள்கின்றன.