வீட்டுத் தொட்டியில் கடல் குதிரை எத்தனை விடலாம்?

கேள்வி கேட்டவர் பெரம்பூர்க்காரர். 2 அடி தொட்டி வாங்கிவிட்டாராம். கொளத்தூர் அலங்கார மீன் கடையில் ஒருவர் "ரெண்டு ஜோடி தாராளமா விடலாம் சார்" என்று சொல்லியிருக்கிறார்.

தம்பி, உங்கள் தொட்டிக்கு விடை பூஜ்யம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001ல் கடல் குதிரையையும் சேர்த்தார்கள். பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். மாட்டினால் விற்றவரோடு வாங்கியவருக்கும் வழக்கு. சின்ன வயதில் காசிமேட்டில் வலையைக் கொட்டும்போது சென்னாகுனி என்ற பொடி இறாலுக்கு நடுவே ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். விரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. அந்த ஆசை எனக்கும் தெரியும்.

சட்டத்தை விடுங்கள், கணக்கே உதைக்கிறது. என் அக்கா மகன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கே பண்ணையில் பிறந்த கடல் குதிரையைச் சட்டப்படி வாங்கலாம். அவன் தொட்டி வைத்தபோது வீடியோ காலில் உட்கார்ந்து நானும் கணக்குப் போட்டேன்.

நடுத்தர அளவு ஜோடி ஒன்றுக்குச் சுமார் 110 லிட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு ஜோடிக்கும் இன்னொரு 40 முதல் 55 லிட்டர். உங்கள் 2 அடி தொட்டி 24க்கு 12, உயரம் 18 அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும் விளிம்பு வரை நிரப்பினால்தான் 85 லிட்டர். மணலும் கல்லும் போக 70, 75 நிற்கும். ஒரு ஜோடிக்கே போதாது. உயரமும் முக்கியம். ஆணும் பெண்ணும் சேர்ந்து மேலே எழும்பித்தான் பெண் தன் முட்டையை ஆணின் பையில் போடும், அதனால் 18 அங்குலத்துக்குக் கீழே பேச்சே வேண்டாம்.

ஆனால் எண்ணிக்கையை நிஜமாக முடிவு செய்வது லிட்டர் இல்லை, சாப்பாடு. கடல் குதிரைக்கு இரைப்பையும் இல்லை, பல்லும் இல்லை. தின்றது நிற்காமல் போய்விடும், அதனால் தினம் இரண்டு மூன்று வேளை போட்டாக வேண்டும். உறைந்த மைசிஸ் இறாலைப் போட்டால் உடனே பாயாது. ஒரு கண்ணை இறால் மேலே வைத்து, இன்னொரு கண்ணை வேறெங்கோ சுழற்றிக்கொண்டு, கிட்டே போய் நின்று யோசிக்கும். பிறகு மூக்குக் குழலால் 'டிக்' என்று ஒரே உறிஞ்சல். அக்கா மகன் போனைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து அந்தச் சத்தத்தையே எனக்குக் கேட்க வைத்தான். இத்தனை நிதானமாகத் தின்றால் மிச்சம் கல்லிடுக்கில் தங்கி அழுகும். அமோனியா ஏறும். ஒன்று கூடினால் அழுக்கும் கூடும். மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க உங்களுக்குத் தினமும் நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மற்ற கடல் மீனோடு சேர்த்து விட்டால் இது யோசித்து முடிப்பதற்குள் அவை முழுவதையும் காலி செய்துவிடும்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். அவன் வைத்திருக்கும் வகைக்குத் தண்ணீர் 22லிருந்து 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு ஏறினால் விப்ரியோ கிருமி பெருகி வாலிலும் மூக்கிலும் புண் வரும். மே மாதம் என் வீட்டு ஹாலில் மின்விசிறி ஓடும்போதே 34. தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இல்லாமல் முடியாது, சில்லருக்குக் கரண்ட் வேண்டும். வியாசர்பாடியில் இருந்தபோது ஒரு மே மாத மதியம் நாலு மணி நேரம் கரண்ட் போய், நான் வைத்திருந்த க்ளவுன் மீன் ஜோடி போயே விட்டது. கடல் குதிரையை விட உறுதியான மீன் அது.

உப்புத் தண்ணீர்தான் வேண்டுமென்றால் அந்தத் தொட்டியை நாலிலிருந்து ஆறு வாரம் சைக்கிள் ஆகவிட்டு, அதாவது அமோனியாவைத் தின்னும் நல்ல கிருமிகளை வளரவிட்டு, ஒரு க்ளவுன் ஜோடி மட்டும் விடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மறக்காமல் வாங்குங்கள். நான் அதை வாங்கியது அந்த மதியத்துக்குப் பிறகுதான்.

அக்கா மகனிடம் இருப்பது 150 லிட்டர் தொட்டி. போன மாதம் இரண்டாவது ஜோடிக்கு இடம் இருக்கிறதே மாமா என்றான். ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் மூணு வேளை யார் போடுவது என்று கேட்டேன். இன்னும் ஒரே ஜோடிதான் இருக்கிறது.