எலக்ட்ரான் கற்றை பட்டால் பாலிமரின் ஒளி ஏன் மாறுகிறது? தமிழக-கேரள எல்லைப்பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கொழிஞ்சாம்பாறை, எம்.எஸ்சி. மாணவி: அண்ணா, ஒரே எலக்ட்ரான் கற்றை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒளிர வைக்கிறது, பி3எச்டி என்ற ஒளிரும் பாலிமரின் நானோ கம்பியை மங்க வைக்கிறது. ஏன்?

நல்ல கேள்விம்மா. பாலிஸ்டைரீன் இயல்பில் ஒளிர்வது புற ஊதாவில், கண்ணுக்குத் தெரியாது. கற்றை பட்டால் ஹைட்ரஜன் கழன்று, இரட்டைப் பிணைப்புத் தொடர்கள் புதிதாக உருவாகும். உடனே நீல ஒளி. டோஸ் (படும் எலக்ட்ரான்களின் அளவு) ஏற ஏற அது சிவப்புப் பக்கம் நகரும்; மிஞ்சினால் கரியாகி அணைந்துவிடும். பி3எச்டியிலோ நீண்ட தொடர் முன்பே இருக்கிறது. கற்றை அதை நடுநடுவே துண்டிக்கும். துண்டு குறுகக் குறுக ஒளி நீலப் பக்கம் போகும், மங்கவும் செய்யும்.

ஒன்றை மறக்காதே: எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதும் கற்றை அடிப்பதுதான். முதலில் ஒளிர்வு ஸ்பெக்ட்ரம் (எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி என்ற பதிவு), அப்புறம்தான் எஸ்இஎம்.

வாளையார்: கற்றை பட்ட சேம்பிளைத் தொடலாமா?

தொடலாம். 30 கேவி (கிலோவோல்ட்) எலக்ட்ரான் எதையும் கதிரியக்கப் பொருளாக்காது.

களியக்காவிளை: ரப்பர் ஷீட்டுக்கு உதவுமா சார்?

கந்தகம் இல்லாமலே ரப்பரைப் பிணைக்கலாம். அதற்குப் பெரிய ஆக்சிலரேட்டர் வேண்டும், எங்கள் மேசைக் கருவி போதாது. ரப்பர் போர்டில் கேளுங்கள்.

பொள்ளாச்சி: ஒளி மாறுவதெல்லாம் கற்றை தரும் சூட்டினால்தான். எலக்ட்ரான் வேதியியல் என்பதெல்லாம் மிகை.

சித்தூர்: அவர் சொல்வதுதான் சரி. மெல்லிய கம்பி சூட்டில் உருகாதா?

இரண்டு பேரும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 கேவி, 1 நானோஆம்பியர் என்றால் மொத்தமே 15 மைக்ரோவாட். மெல்லிய படலமாக இருந்தால் அதில் பெரும்பகுதி ஊடுருவிப்போய்க் கீழேயுள்ள சிலிக்கானில் பரவிவிடும். கண்ணாடிமேல் தனியாகக் கிடக்கும் கம்பி சூடேறலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் பி3எச்டி படலத்தில் ஒரு சதுரத்துக்கு மட்டும் தேவையான டோஸ் கொடுத்துவிட்டு, அந்தச் சிலிக்கான் சில்லைக் குளோரோஃபார்மில் அலசிப் பாருங்கள். சுற்றிலும் உள்ளது ஆரஞ்சு நிறமாகக் கரைந்து ஓடும். சதுரம் மட்டும் விளிம்பு கெடாமல் ஒட்டி நிற்கும். பாலிமர்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி. இன்னொரு துண்டை வேக்யூமில் மிதமாகச் சூடேற்றி அலசுங்கள், கரைந்துவிடும்.

பொள்ளாச்சி: காற்றில் சூடேற்றினால்?

அது ஆக்சிஜன் செய்யும் வேலை. கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) உருவாகி ஒளியை அணைக்கும். அதைக் கொண்டுவந்து இந்த வாதத்தில் சேர்க்காதீர்கள்.

வேலந்தாவளம்: சரியான டோஸ் எவ்வளவு?

இதையே நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பாலிமரும் தடிமனும் வோல்டேஜும் மாறினால் டோஸும் மாறும். ஒரே சில்லில் வரிசையாகச் சதுரங்கள் போட்டு, டோஸைப் படிப்படியாக ஏற்றுங்கள். கற்றை படாத ஒரு சதுரம் கட்டாயம் இருக்கட்டும்.

நாட்டுக்கல்: எஸ்இஎம் படம் எடுத்தாயிற்று. இனி ஸ்பெக்ட்ரம் எடுக்கலாமா?

அந்தத் துண்டில் வேண்டாம். புதுத் துண்டு எடுங்கள்.